ஒரு பிடி கூடப் போன வத்தல்

பாங்காக்கில் நாங்கள் மூன்று பேரும் நல்லபடியாக இறங்கிவிட்டோம். எங்களுக்கு முன்னாலேயே விமானம் ஏறிய மிளகாய் வத்தல்தான் வெளியே வரவில்லை.

மூன்று பேர் யார் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நரிக்குடிப் பக்கத்து விவசாயிகள் சேர்ந்து நடத்தும் கம்பெனியில், வத்தலைத் தரம் பிரித்துப் பை கட்டுகிற கொட்டகைக்கு நான் பொறுப்பு. பெயர் செல்வராணி. பத்தாவதோடு நின்றவள். அதற்கப்புறம் படித்ததெல்லாம் ஆட்கள் வாயிலிருந்து விழுந்ததைப் பொறுக்கிப் படித்ததுதான். இரண்டாவது ஆள், அருப்புக்கோட்டையில் வத்தல் மண்டி வைத்திருக்கும் பாண்டியராசன் அண்ணாச்சி. எங்கள் சரக்கைக் கப்பலேற்றும் அளவுக்குச் சேர்த்துத் தர ஒத்துக்கொண்டவர். மூன்றாவது கவிதா மேடம். நம் ஊர்ச் சரக்கு வெளிநாட்டில் விலைபோக வழி செய்கிற அரசுப் பிரிவில் அதிகாரி. எங்கள் குண்டு வத்தல், யாரோ நெய்த போர்வை, யாரோ திரித்த கயிறு, யாரோ அரைத்த மஞ்சள் எல்லாவற்றையும் கட்டி இழுத்து வந்து அங்கே நடந்த கண்காட்சியில் ஒரே வரிசையில் கடை போட வைத்தது அவர்தான்.

“என் வேலை என்ன தெரியுமா செல்விக்கா?” என்று விமானத்தில் கேட்டார். “அஞ்சு ஆபீசுக்கு நடுவுல நிக்கிறது. அந்த அஞ்சு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்ததே கிடையாது. எல்லாரும் என்னை மட்டும்தான் பார்த்திருக்காங்க. அதனால திட்டுறதும் என்னை மட்டும்தான்.”

எனக்கு அந்தப் பேச்சு பிடித்துப்போனது. சாப்பாட்டோடு கை துடைக்கக் கொடுத்த காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டேன்.

கண்காட்சி மண்டபம் அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டைப் போல நாலைந்து இருக்கும். மேலே கூரை, உள்ளே குளிர். அண்ணாச்சி கோட்டுக்கு மேலேயே துண்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். எங்கள் கடையில் வெள்ளை விரிப்பு விரித்த மேசை, நாலு காலித் தட்டு, பின்னால் ஆள் உயரத்துக்கு எங்கள் வத்தலின் படம். சிவப்பு என்றால் அப்படி ஒரு சிவப்பு. படத்தில் மட்டும்தான்.

பெட்டிகள் விமான நிலையத்துச் சரக்குக் கிட்டங்கியில் நிற்கின்றன, இன்று வந்துவிடும் என்று கவிதா மேடம் போனைக் காதிலிருந்து எடுக்காமலே சொன்னார். மத்தியானம் ஆனது. பக்கத்துக் கடைக்காரர் போர்வையை விரித்து விரித்துக் காட்டிக்கொண்டிருந்தார். நாங்கள் தட்டைத் துடைத்துத் துடைத்து வைத்தோம்.

அப்போதுதான் அந்த அம்மா வந்தார். அறுபது வயதிருக்கும். குட்டையான உருவம், கழுத்தில் முத்துமாலை. மிளகாய் விழுது போடுகிற தொழிற்சாலை வைத்திருப்பவர். எங்களை வந்து பார்க்கவென்றே கவிதா மேடம் இரண்டு மாதமாகக் கடிதம் எழுதி வரவழைத்த ஆள். எங்களுக்குப் பேச்சுத் துணைக்கு வந்த பிம் என்கிற உள்ளூர்ப் பெண், அவர் சொன்னதை இங்கிலீஷில் சொல்ல, கவிதா மேடம் தமிழில் சொன்னார். நான் புரிந்துகொண்டது இது: “படம் நன்றாக இருக்கிறது. ஆனால் படத்தை நான் வறுக்க முடியாது. கடைசி நாள் மத்தியானத்துக்குள் ஒரு தடவை வருவேன். அதற்கப்புறம் சீனாக்காரர் சரக்குக்குக் கையெழுத்துப் போட்டுவிடுவேன்.”

கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார். நான் அந்த முத்துமாலையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஊரில் நாற்பது குடும்பத்து வத்தல் கொட்டகையில் கிடக்கிறது. இந்த வருடம் எவருக்கும் விற்காமல், செல்வி போய் ஆள் பிடித்து வருவாள் என்று வைத்திருக்கிறார்கள். வத்தலுக்கு ஒரு குணம் உண்டு. நாள் ஆக ஆக நிறம் மங்கும். நிறம் மங்கிய வத்தலைக் கேட்பாரில்லை.

சாப்பிடப் போனோம். ஒரு பெண், உரலில் பச்சைப் பப்பாளிச் சீவலையும் பூண்டையும் நிலக்கடலையையும் மிளகாயையும் போட்டு இடித்துத் தந்தாள். ஒரு வாய்தான். அண்ணாச்சிக்குக் கண்ணில் தண்ணீர்.

“ஏந்தாயி, நாப்பது வருசமா ஊருக்கே காரத்த விக்கிறவன் நானு,” என்றார் மூக்கைத் துண்டால் துடைத்துக்கொண்டு. “எனக்கே காரத்த ஊட்டுறாளே இந்தப் பிள்ள! இவுகளுக்கு நம்ம வத்தலு எதுக்கு?”

“காரத்துக்கு இல்ல அண்ணாச்சி, நிறத்துக்கும் வாசத்துக்கும்,” என்றார் கவிதா மேடம். அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. எழுந்து போய்ப் பேசிவிட்டுத் திரும்பியவர் முகம் வேறாக இருந்தது.

“எடை ஒத்துவரலையாம். நம்ம தாள்ல அறுபது கிலோ வத்தல்னு இருக்கு. நூத்திருபது பை, பைக்கு அரைக் கிலோ. ஆனா பெட்டியை நிறுத்துப் பார்த்தா மூணரைக் கிலோ கூட இருக்காம். உள்ள வேற என்ன வச்சிருக்கீங்கனு கேக்கறாங்க.”

“தராசு கோளாறா இருக்கும்,” என்றார் அண்ணாச்சி.

நான் தட்டைத் தள்ளி வைத்தேன். அந்த மூணரைக் கிலோ என்ன என்று எனக்குத் தெரியும்.

கொட்டகையில் பை கட்டிய அன்று, முத்துலட்சுமிதான் ஆரம்பித்தாள். “ஏக்கா, வெளிநாட்டுக்காரவுக நெறுத்துப் பாத்து, ஒரு காய் கொறஞ்சிருச்சுன்னா நம்ம ஊரு மானம் போயிருமில்ல?” எங்கள் பக்கம் சந்தையில் தராசு நேராக நின்றால் வாங்குபவர் முகம் கோணும். தட்டு தாழ வேண்டும். தாழ்ந்த பிறகும் மேலே ஒரு பிடி விழ வேண்டும். அப்போதுதான் விற்றவள் மனுசி. அப்படி வளர்ந்த நான் என்ன சொல்லியிருப்பேன்? “அதுக்கென்ன, பைக்கு ஒரு பிடி கூடப் போடுங்கத்தா,” என்று நானே சொன்னேன். ஆறு பேரும் போட்டோம். எனக்கு அது குற்றமாகவே தெரியவில்லை. குறைந்தால்தானே குற்றம்?

அன்று முழுக்கச் சொல்லவில்லை. சொன்னால் அரசாங்கத்துக் காரியத்தில் கை வைத்துவிட்டாள் என்று ஆகிவிடுமோ, கம்பெனியையே பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்களோ என்று பயம்.

மறுநாள் காலை, சரக்கு எடுத்துக் கொடுக்கிற ஏஜெண்டைப் பார்க்கக் கிளம்பினோம். ரோட்டில் போனால் நெரிசலில் நிற்க வேண்டியதுதான், வாய்க்கால் படகில் போங்கள் என்று பிம் சொல்லியிருந்தாள். வாய்க்கால் என்றதும் நான் எங்கள் கண்மாய்க் கால்வாயை நினைத்துக்கொண்டேன். இது நீளப் படகு, பஸ் வேகம். தண்ணீர் முகத்தில் அடிக்காமல் இருக்க ஓரத்தில் உட்காருபவர்கள் கயிற்றை இழுத்துத் தார்ப்பாயைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். கண்டக்டர் ஒரு பெண். தலையில் ஹெல்மெட். படகின் வெளிவிளிம்பில் கால் வைத்து நடந்து நடந்து டிக்கெட் கொடுக்கிறாள்.

“நம்ம ஊரு கண்டக்டரு படியில நிக்கிறதுக்கே நம்ம கிட்ட வெறச்சுக்கிருவான்,” என்றார் அண்ணாச்சி.

மதுரைக்குப் போகிற பஸ்ஸில் காரியாபட்டியில் ஏறுகிற கூட்டம் மாதிரி அடுத்த படகுத் துறையில் ஒரு கூட்டம் ஏறியது. என் பக்கத்தில் உட்கார்ந்த பள்ளிக்கூட டீச்சர் ஒருவர், நான் கயிற்றைத் தவறாகப் பிடித்திருப்பதைப் பார்த்துச் சிரித்துவிட்டு மேடத்திடம் அரைகுறை இங்கிலீஷில் ஏதோ சொன்னார். மேடம் என்னிடம் திரும்பினார். “இழுத்துப் பிடிக்க வேண்டாமாம். சும்மா கையில வச்சிருந்தா போதுமாம். தண்ணி வந்தா தானா கை இழுத்துக்குமாம்.”

நாலு துறை தாண்டிய பிறகுதான் தெரிந்தது, போக வேண்டிய திசைக்கு நேர் எதிராகப் போய்க்கொண்டிருக்கிறோம் என்று. கவிதா மேடம் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். “எல்லாமே தப்பு. நேத்துலேருந்து எல்லாமே தப்பு. மெட்ராஸ் ஆபீஸ்ல விளக்கம் கேக்கறாங்க. நான் என்ன விளக்கம் கொடுக்கிறது? எனக்கே தெரியாததை?”

அதற்கு மேல் எனக்குத் தாங்கவில்லை. கயிற்றை விட்டுவிட்டேன். தார்ப்பாய் சரிந்து, வாய்க்கால் தண்ணீர் மூன்று பேர் மேலும் அடித்தது. நனைந்துகொண்டே சொன்னேன்.

“மேடம், உள்ள வேற ஒண்ணும் இல்ல. வத்தல்தான். பைக்கு ஒரு பிடி கூடப் போடச் சொன்னது நாந்தேன்.”

படகு இரைச்சலில் கேட்கவில்லையோ என்று இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னேன். டீச்சர் உட்பட நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். கவிதா மேடம் கண்ணாடியைக் கழற்றி, துடைக்காமலே கையில் வைத்திருந்தார்.

“எதுக்குக்கா?”

“கொறஞ்சிறக் கூடாதுன்னு.”

அப்புறம் அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

“அவங்க உள்ள தங்கமா, கஞ்சாவானு யோசிச்சிட்டிருக்காங்க. இங்க பார்த்தா கொசுறு! இதை நேத்தே சொல்லியிருக்கக் கூடாதா? காரணம் தெரியாததுதான்க்கா ஆபத்து. காரணம் தெரிஞ்சா அதுக்கு ஒரு ஃபாரம் இருக்கும், ஃபாரம் இருந்தா நான் பார்த்துக்குவேன்.”

அண்ணாச்சி துண்டைப் பிழிந்தார். “பொம்பளைகள நெறுக்க விட்டா இப்பிடித்தேன்,” என்று ஆரம்பித்தவர், சட்டென்று குரலை இறக்கிக்கொண்டார். “எம் மண்டியிலயும் நானு ஒரு பிடி போடத்தான் செய்வேன். போடலைன்னா அடுத்த வாரம் எவன் வருவான்?”

எதிர்ப்படகைப் பிடித்து, நனைந்த உடையோடு ஏஜெண்டையும் பிம்மையும் கூட்டிக்கொண்டு சரக்குக் கிட்டங்கிக்குப் போய்ச் சேர மத்தியானம் ஆகிவிட்டது. அங்கே சுங்க அதிகாரி ஒரு பெண். சீருடை, கத்தரித்த நரைமுடி, சிரிப்பே இல்லாத முகம். எங்கள் ஆறு பெட்டியும் அவர் மேசைக்குப் பக்கத்தில் இருந்தன. பிம் விவரம் சொன்னாள். அதிகாரி கேட்டுவிட்டு ஒரே ஒரு வாக்கியம் பேசினார். மேடம் எனக்குச் சொன்னார்: “யாராவது சும்மா பொருள் கொடுப்பாங்களா, அதுவும் தாள்ல எழுதாம, எப்படி நம்புறதுன்னு கேக்கறாங்க.”

நியாயமான கேள்விதான். ஒரு பெட்டியைப் பிரித்தார்கள். துணிப்பைகள் அடுக்காக இருந்தன. பை வாயைக் கட்ட நாங்கள் பயன்படுத்துவது அருப்புக்கோட்டைத் தறிகளில் மிஞ்சுகிற கழிவு நூல். ஆளுக்கு ஒரு நிறம் எடுத்துக்கொள்வோம். எந்தப் பையில் காம்பு தவறி விழுந்துவிட்டாலும் யார் கட்டியது என்று தெரியும். அந்த நூலைப் பார்த்ததும் எனக்கு உயிர் வந்தது.

“மேடம், நான் ஒண்ணு சொல்லட்டா? நெறுக்கிறதுக்கு முன்னாடியே சொல்லுதேன். சிவப்பு நூலு முத்துலட்சுமி. அவ கை பெருசு. அதுல நாப்பது கிராமாச்சும் கூட இருக்கும். பச்சை ராக்கு. அவ கை சின்னது, மனசும் கொஞ்சம் கெட்டி. இருபதைத் தாண்டாது.”

மேடம் சொல்ல, பிம் சொல்ல, அதிகாரி என்னை ஒரு பார்வை பார்த்தார். சிவப்பு நூல் பையைத் தராசில் வைத்தார். நாற்பத்திரண்டு கிராம் கூட. பச்சையை வைத்தார். பதினெட்டு. தானாகவே இன்னொரு சிவப்பை எடுத்தார். முப்பத்தொன்பது. இன்னொரு பச்சை. பத்தொன்பது. கிட்டங்கியில் மூட்டை தூக்குகிறவர்கள் இரண்டு பேர் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார்கள்.

நீல நூலை விரலால் காட்டினார்.

“சந்திரா. அவ அன்னைக்குக் காய்ச்சலோட வந்தா. முதல்ல இருவத்தஞ்சு இருக்கும், போகப் போகக் கொறையும்.”

இருபத்தாறு. அடியில் இருந்த நீலப் பை, பன்னிரண்டு.

அதற்குள் ஒரு பையை அவிழ்த்து உள்ளே கையை விட்டுப் பார்த்துவிட்டார்கள். குண்டு வத்தலின் நெடி எழுந்தது. முதலில் மூட்டைக்காரர் ஒருவர் தும்மினார். அடுத்து பிம், அடுத்து ஏஜெண்ட், கடைசியாக அந்தச் சிரிக்காத அதிகாரி, வரிசையாக மூன்று தும்மல். கண்ணைத் துடைத்துக்கொண்டே அவர் மஞ்சள் நூல் பை ஒன்றைத் தராசில் வைத்தார். நாற்பத்தேழு.

எல்லாவற்றையும்விட அதிகம். “இது யார்?” என்று கேட்பது மொழிபெயர்க்காமலே புரிந்தது. நான் கையைத் தூக்கினேன்.

அப்போது சிரித்தார். பிம்மிடம் ஏதோ சொன்னார். அதன் தமிழ் இது: “மூடி வைக்கச் சொல்லுங்கள், மூக்கு எரிகிறது. உள்ளே வத்தலைத் தவிர ஒன்றும் இல்லை. ஆனால் நான் நம்புவது வேறு, தாள் நம்புவது வேறு. சரியான எடை எழுதிய தாள் வரட்டும்.”

தாள் வருவதுதான் கவிதா மேடத்தின் அஞ்சு ஆபீஸ் வேலை. எடை மாறினால் எங்கள் பட்டியல் மாற வேண்டும். அது மாறினால் பூச்சி இல்லை என்று கொடுத்த சான்று மாற வேண்டும். ஊரில் அப்போது சாப்பாட்டு நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால். ஒரு காதில் மெட்ராஸ், இன்னொரு காதில் எங்கள் கம்பெனிக் கணக்குப்பிள்ளை. “சார், டிபன் பாக்ஸைத் திறக்காதீங்க சார், பத்து நிமிஷம் சார்,” என்று மேடம் கெஞ்சியதை நான் இன்றும் பேசிக் காட்டுவேன். அந்த சார் திறக்கவில்லை. வெயில் தாழ்வதற்குள் தாள்கள் வந்துவிட்டன. ஆறு பெட்டியும் எங்கள் வண்டியில் ஏறின. மேடம் முன் ஸீட்டில் தலையைச் சாய்த்து, மண்டபம் வரும் வரை தூங்கினார். எழுப்ப எனக்கு மனம் வரவில்லை. எனக்கும் அன்றுதான் சோறு ருசித்தது. வெறும் சோறு, முட்டை, மீன்சாறு. இரண்டு தட்டு.

கடைசி நாள். தட்டு நாலிலும் வத்தல் குவிந்திருந்தது. பின்னால் இருந்த படம் வெளுப்பாகத் தெரிந்தது. பத்து மணி, பதினொன்று. முத்துமாலையைக் காணோம். அண்ணாச்சி மணிக்கட்டைப் பார்ப்பதும் வாசலைப் பார்ப்பதுமாக இருந்தார். “தாயி, அந்தம்மா மறந்துருக்கும்.” “மறக்காது அண்ணாச்சி.” “சீனாக்காரன் காப்பி வாங்கிக் குடுத்துருப்பான்.” “நீங்க சும்மா இருங்க.”

பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது வந்தார். கூடவே ஒரு ஆள், கையில் சின்ன அடுப்பு, வாணலி! நான்கைந்து வத்தலைக் கிள்ளி, விதையைத் தட்டிப் பார்த்து, தோலை வெளிச்சத்தில் பிடித்து, எண்ணெயில் போட்டார். நிறம் எண்ணெயில் இறங்கியது. பக்கத்துப் போர்வைக்காரர் இருமிக்கொண்டே சரக்கை மூடினார். அந்த அம்மா மட்டும் அந்தப் புகையில், கோயிலில் கற்பூரத்தை ஒற்றிக்கொள்கிற மாதிரி முகத்தை நீட்டிக்கொண்டு நின்றார்.

“இந்தச் சிவப்பு எனக்கு வேண்டும்,” என்றார் பிம் வழியாக. முதலில் ஒரு சின்ன லோடு. அது சரியாக இருந்தால் வருடம் முழுக்க. கையெழுத்துப் போடும் முன் பை வாயில் இருந்த நூலைத் தொட்டுக் காட்டி என்னவென்று கேட்டார். கவிதா மேடம் எல்லாவற்றையும் சொன்னார். கிட்டங்கிக் கதையையும் விடவில்லை. அந்த அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்து, விரலை என் பக்கம் நீட்டினார்: “என் லோடில் எடை எடையாகவே இருக்க வேண்டும். உங்கள் கையை ஊரிலேயே விட்டுவிடுங்கள்.”

“சரிங்கம்மா” என்று கும்பிட்டேன். நாற்பது குடும்பத்துக்கும் சேர்த்துக் கும்பிட்டது அது. அண்ணாச்சி துண்டை முகத்தில் வைத்துக்கொண்டு, வத்தல் புகை, வத்தல் புகை என்றார். அடுப்பை அணைத்து ரொம்ப நேரமாகியிருந்தது.

ஊர் திரும்புகிற காலையில் சந்தைக்குப் போனேன். இனிப்புப் புளி விற்கிற ஒரு அம்மாவிடம் ஒரு கிலோ கேட்டேன். தராசில் வைத்தார். முள் சரியாக நின்றது. ஒரு பழம் கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை. இந்த ஊர் இப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். தராசிலிருந்து இறக்கிப் பைக்குள் கொட்டினார். கொட்டிவிட்டு, என்னை நிமிர்ந்து பார்த்து, குவியலிலிருந்து ஒரு பிடி அள்ளி மேலே போட்டார்.

நான் சிரித்த சிரிப்புக்கு அவருக்குக் காரணம் தெரிந்திருக்காது. போடுவது அங்கேயும் உண்டு. எப்போது போடுவது என்பதுதான் எனக்குத் தெரியாமல் இருந்தது.

கொட்டகைக்கு வந்து நடந்ததைச் சொன்னபோது ராக்கு, “எங் கை சின்னது, மனசு கெட்டின்னு வெளிநாட்டு ஆபீசருகிட்ட சொன்னியாக்கும்?” என்று ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. முத்துலட்சுமி தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். முதல் லோடு கட்டிய அன்று அவள் பக்கத்திலேயே நின்றேன். மூட்டை தராசில் சரியாக நின்றது. அவள் கை தானாகக் குவியலுக்குப் போய், ஒரு பிடி அள்ளி, மூட்டை வாய் வரை வந்து நின்றுவிட்டது.

“இத என்னக்கா செய்ய? அள்ளியாச்சே.”

ஒரு துணிப்பையை எடுத்து வைத்தேன். அவள் அதில் போட்டாள். அடுத்த மூட்டைக்கு ராக்கு போட்டாள். சந்திரா போட்டாள். லோடு முடியும்போது அந்தப் பை நிறைந்திருந்தது. நிறுத்து, எடையைத் துண்டுச் சீட்டில் எழுதி, கவிதா மேடத்துக்குப் போன் போட்டேன்.

“மேடம், தனிப் பை ஒண்ணு. ரெண்டே கால் கிலோ. எல்லாத் தாள்லயும் ஏத்திருங்க.”

“ஏத்திடறேன்க்கா. ஆனா எதுக்குன்னு ஒரு கட்டம் இருக்கே, அதுல என்ன எழுத?”

போனைத் தூக்கிப் பிடித்து மற்ற ஐந்து பேரையும் கேட்டேன். ராக்குதான் முதலில் வாயைத் திறந்தாள்.

“வாங்குன அம்மாவுக்குன்னு எழுதச் சொல்லு. எடையோட எழுதச் சொல்லு.”

பை வாயை எந்த நூலில் கட்டுவது என்று ஒரு சண்டை வந்தது. கடைசியில் ஆறு நிறத்தையும் சேர்த்து முறுக்கிக் கட்டினோம்.